சுடுவதா, அடைப்பதா? கல்லீரல் புற்றுக்கு இரு சிறுதுளைச் சிகிச்சைகள்

ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி ஒரு திருவண்ணாமலை இருக்கிறது. கிரிவலத்துக்குப் பேர்போன அண்ணாமலையார் ஊர் வேறு. இது குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள் குடிகொண்ட, சுற்றுவட்டாரத்தார் தென்திருப்பதி என்று சொல்லும் ஊர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையம் பக்கமிருந்தும் சிவகாசிப் பக்கமிருந்தும் கூட்டம் திரளும். இந்த வட்டாரத்தில் ஒருவருக்குக் கல்லீரலில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தால், அடுத்து அவர் ஏறுவது பெரும்பாலும் மதுரை பஸ். ஏறத்தாழ 75 கிலோமீட்டர்.

அங்கே மருத்துவர் வாயிலிருந்து வரும் இரண்டு பெயர்கள் வீட்டாரைக் குழப்பும். ஒன்று ஆர்.எஃப்.ஏ.; ஊசி வழியாகக் கட்டிக்குள் இறங்கி அதைச் சுட்டு அழிப்பது. இன்னொன்று டேஸ், ரத்தக்குழாய் வழியாகக் கட்டிவரை போய், மருந்தைச் செலுத்தி, கட்டிக்கு வரும் ரத்தத்தை அடைத்துவிடுவது. இரண்டிலும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்து குவிக்கும் பேண்டேஜ் துணி, திறந்து செய்யும் கல்லீரல் அறுவையில் கட்டுக்கட்டாகச் செலவாகும். இந்த இரண்டு சிகிச்சைகளும் முடிந்தபின் தோலில் ஒட்டுவதற்கு அதில் ஒரு சிறு துண்டு போதும்.

"ரெண்டுல எது நல்லது டாக்டர்?" என்பது வீட்டார் கேட்கும் முதல் கேள்வி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அவை ஒரே வேலைக்குப் போட்டி போடும் இரண்டு கருவிகள் இல்லை என்பது தெரியவரும். கட்டி எந்த அளவில் அகப்பட்டது, கல்லீரலில் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்ற இரண்டுமே பெரும்பாலான நோயாளிகளுக்குத் தேர்வைச் செய்துவிடுகின்றன.

நோய் ஒன்று இல்லை, இரண்டு

கல்லீரலில் காணும் எல்லாக் கட்டியும் கல்லீரலில் பிறந்ததில்லை. குடல், மார்பகம் போன்ற இடங்களிலிருந்து பரவி வந்து தங்கியவையும் உண்டு. இங்கே பேசுவது கல்லீரல் செல்லிலேயே தோன்றும் முதன்மைப் புற்றை. உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 8.66 இலட்சம் பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்று கண்டுபிடிக்கப்பட்டது, ஏறத்தாழ 7.59 இலட்சம் பேர் அதனால் இறந்தார்கள். புதிய நோயாளிகளின் எண்ணிக்கையும் இறப்பு எண்ணிக்கையும் இவ்வளவு நெருங்கி நிற்பதே இது எவ்வளவு தாமதமாக அகப்படும் நோய் என்பதைக் காட்டிவிடுகிறது.

இந்தப் புற்று பெரும்பாலும் நல்ல கல்லீரலில் முளைப்பதில்லை. மஞ்சள் காமாலைக் கிருமிகளான ஹெபடைட்டிஸ் பி, சி, பல ஆண்டுக் குடி, சர்க்கரை நோயும் உடல்பருமனும் கொண்டுவரும் கொழுப்புக் கல்லீரல் ஆகியவை கல்லீரலைத் தழும்பேற்றிச் சுருக்குகின்றன. "லிவர் சுருங்கிப்போச்சு" என்று பேச்சில் சொல்லும் அந்தச் சிர்ரோசிஸ் நிலத்தில்தான் புற்று வேர் பிடிக்கிறது. மக்காச்சோளமும் நிலக்கடலையும் விளையும் மாவட்டத்துக்காரர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: ஈரத்தோடு அடுக்கிய தானியத்தில் பூக்கும் பூஞ்சை சுரக்கும் அஃப்ளாடாக்சின் நச்சு, ஹெபடைட்டிஸ் பி கிருமியோடு சேரும்போது ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் நாடு முழுவதற்கும் வந்தது 2011இல். இன்று நடுவயதில் இருப்பவர்கள் அதற்கு முந்திய தலைமுறை.

ஆக, மருத்துவர் முன்னால் இருப்பது இரண்டு நோய்கள்: கட்டி ஒன்று, கட்டி உட்கார்ந்திருக்கும் சுருங்கிய கல்லீரல் ஒன்று. கட்டியை மட்டும் பார்த்துப் பெரிய அளவில் வெட்டினால் மிச்சக் கல்லீரல் தாங்காது. சிறுதுளைச் சிகிச்சைகளுக்கு இங்கே இவ்வளவு மதிப்பு வந்ததன் காரணம் இதுதான். நல்ல திசுவை இயன்றவரை தொடாமல் கட்டியை மட்டும் குறிவைப்பதே இரண்டின் நோக்கமும். குறிவைக்கும் வழிதான் வேறு.

குறி எங்கே இருக்கிறது

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு பக்கமிருந்து வருகிறது. குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை முக்கால் பங்கும், கல்லீரல் தமனி கால் பங்கும் தருகின்றன. ஆனால் புற்றுக்கட்டி வளர வளர, தன் தேவையை ஏறத்தாழ முழுவதும் தமனியிலிருந்தே இழுத்துக்கொள்கிறது. இரண்டு வாய்க்கால் பாயும் வயலில் களை மட்டும் ஒரே வாய்க்காலில் குடிப்பது போன்ற நிலை இது. அந்த வாய்க்காலை அடைத்தால் களை வாடும், பயிர் மற்றதில் பிழைத்துக்கொள்ளும். டேஸ் சிகிச்சையின் அடிப்படை முழுவதும் இந்த வேறுபாட்டில் நிற்கிறது. கட்டி எத்தனை இருந்தாலும், எங்கெங்கே சிதறிக் கிடந்தாலும், அவற்றுக்கு ரத்தம் தரும் கிளையைப் பிடித்தால் போதும்.

ஆர்.எஃப்.ஏ.வுக்கு ரத்த ஓட்டம் பற்றிய கணக்கு வேறு விதமாக வருகிறது. அதன் குறி கட்டியின் இடம். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எந்தச் செல்லும் உடனே சாகும். புற்றுச் செல்லா, நல்ல செல்லா என்று வெப்பம் பார்ப்பதில்லை. எனவே ஊசி முனை எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. கட்டிக்குப் பக்கத்தில் 3 மில்லிமீட்டருக்குமேல் பருமனுள்ள ரத்தக்குழாய் ஓடினால், ஓடும் ரத்தம் வெப்பத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த ஓரத்தில் புற்றுச் செல்கள் தப்பிவிடலாம். அடைப்புச் சிகிச்சைக்கு ரத்தக்குழாய் வழிகாட்டி. சுடுசிகிச்சைக்கு அதே ரத்தக்குழாய் இடைஞ்சல்.

வந்த பாதை

இரண்டுக்குமே ஜப்பான் முக்கியமான தொடக்க நிலம். 1980களின் தொடக்கத்தில் அங்கே கட்டிக்குள் ஊசியால் சாராயச் சத்தான எத்தனாலைச் செலுத்தி அழிக்கும் முறை வந்தது. இத்தாலியர்கள் அதைப் பெரிய அளவில் எடுத்துச் சென்றார்கள். எத்தனால் கட்டிக்குள் ஒரே சீராகப் பரவுவதில்லை என்பதால் பலமுறை குத்த வேண்டியிருந்தது. 1990களில் அந்த ஊசி முனையிலிருந்து மருந்துக்குப் பதில் உயர் அதிர்வெண் மின்சாரம் பாயத் தொடங்கியபோது ஆர்.எஃப்.ஏ. பிறந்தது. அதன் தம்பி மைக்ரோவேவ் முறை. அது இன்னும் வேகமாகச் சூடேற்றும், பக்கத்து ரத்தக்குழாயால் அவ்வளவாகக் குளிர்ந்துபோகாது.

அடைப்புச் சிகிச்சையை ஒசாகாவின் யமடா குழுவினர் 1970களின் பிற்பகுதியிலிருந்து செய்து, 1983இல் 120 நோயாளிகளின் அனுபவத்தை வெளியிட்டார்கள். இதில் பயன்படும் லிபியோடால் இன்னும் பழையது. பாரிஸ் மருந்தியலாளர் மார்சல் கெர்பே 1901இல் தயாரித்தது. நம் சமையலறைக் கசகசாவின் எண்ணெயோடு அயோடின் சேர்ந்தது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் இந்த எண்ணெய், கல்லீரல் புற்றுக்குள் போனால் வெளியேறாமல் தங்கிவிடுகிறது. அந்தக் குணமே அதை மருந்து சுமக்கும் வாகனமாக்கியது.

மேசையின்மேல் நடப்பது

ஆர்.எஃப்.ஏ. அன்று நோயாளியின் இரு தொடைகளிலும் அகலமான ஒட்டுத் தகடுகளை ஒட்டுவார்கள். மின்சாரம் ஊசி முனையிலிருந்து புறப்பட்டு இந்தத் தகடுகள் வழியே வெளியேறிச் சுற்று முழுமையாகும். மயக்கமோ ஆழ்ந்த தூக்கமோ தருவார்கள். அல்ட்ராசவுண்ட் அல்லது சிடி படத்தைப் பார்த்தபடி, விலா எலும்புகளுக்கு இடையே ஊசியை இறக்கி, மூச்சோடு மேலும் கீழும் நகரும் கல்லீரலுக்குள் கட்டியின் நடுவில் நிறுத்துவார்கள். மின்சாரம் பாய்ந்ததும் அயனிகள் முன்னும் பின்னும் துடித்து, உராய்ந்து, திசு சூடாகும். சில நிமிடங்களில் அல்ட்ராசவுண்ட் திரையில் ஒரு வெள்ளை மேகம் கிளம்பும். திசுவின் நீர் ஆவியாகும் குமிழிகள் அவை. முனை கருகிப்போனால் மின்சாரம் உள்ளே போகாது என்பதால், ஊசிக்குள்ளேயே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டிருக்கும் வகைகளும் உண்டு. ஒரு சுற்றுக்கு 12 நிமிடம் என்பது வழக்கமான அளவு. ஊசியை எடுக்கும்போதும் சும்மா எடுப்பதில்லை. வந்த தடத்தைச் சுட்டுக்கொண்டே பின்வாங்குவார்கள். ரத்தம் கசியாமலும் புற்றுச் செல் தடத்தில் ஒட்டாமலும் இருக்க இந்த ஏற்பாடு.

கட்டி குடலையோ உதரவிதானத்தையோ ஒட்டியிருந்தால், நடுவில் திரவத்தை ஊற்றி இரண்டையும் விலக்கி வைப்பார்கள். அப்போது உப்புநீரைத் தவிர்த்து, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் நீரையே எடுப்பார்கள். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், சர்க்கரை நீர் கடத்தாது.

டேஸ் நடப்பது ஆஞ்சியோ அறையில். இதயத்துக்கு ஆஞ்சியோ செய்த குடும்பங்களுக்கு இது பழகிய காட்சி. இடுப்படியிலோ மணிக்கட்டிலோ மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, தமனிக்குள் மெல்லிய குழாயை விடுவார்கள். நோயாளி விழித்தே இருப்பார். எக்ஸ்ரே திரையில் சாயம் பாயும்போது கல்லீரலின் கிளைகள் மரம்போல் விரியும். அதில் எங்கே மை கொட்டியதுபோல் ஒரு திட்டு தேங்குகிறதோ அங்கே கட்டி. பெரிய குழாய்க்குள் இன்னும் மெல்லிய நுண்குழாயை நுழைத்து அந்தக் கிளைக்குள்ளேயே கொண்டுபோவார்கள்.

இதற்கிடையே பக்கத்து மேசையில் ஒரு சிறு வேலை நடக்கும். டாக்சோருபிசின் என்ற கீமோ மருந்து சிவப்பு நிறக் கரைசல், லிபியோடாலோ எண்ணெய். இரண்டும் தாமாகக் கலக்காது. இரண்டு சிரிஞ்சுகளை மூவழிக் குழாயில் பொருத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றித் தள்ளுவார்கள். கொஞ்ச நேரத்தில் அது கெட்டியான இளஞ்சிவப்புப் பாலாகும். அதைச் சொட்டுச் சொட்டாகக் கட்டிக்குள் செலுத்திவிட்டு, பின்னாலேயே ஜெலட்டின் துகள்களை அனுப்பிக் கிளையை அடைப்பார்கள். எண்ணெய்க்குப் பதிலாக மருந்தை உறிஞ்சி வைத்திருந்து மெல்லக் கசியவிடும் நுண்மணிகளும் இப்போது புழக்கத்தில் உண்டு. இடுப்படி வழியாகச் செய்தால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். மணிக்கட்டு வழியென்றால் எழுந்து நடக்கலாம்.

கீமோ என்ற சொல்லைக் கேட்டதும் முடி கொட்டும், உடம்பு உருகும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. டேஸில் மருந்து பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே சிறைப்படுகிறது. உடம்பு முழுக்கச் சுற்றுவது சிறு பங்குதான்.

அளவு வகுக்கும் எல்லை

1999இல் பார்சிலோனா மருத்துவர்கள் வகுத்து, 2022இல் புதுப்பித்த படிநிலைப் பட்டியலையே உலகின் பெரும்பகுதி பின்பற்றுகிறது. பூரியில் கூடிய இந்தியக் கல்லீரல் ஆய்வுச் சங்கத்தின் வல்லுநர்கள் 2014இல் வெளியிட்ட பரிந்துரைகளும் அதே சட்டகத்தை ஒட்டியவை. அதன்படி 2 செ.மீ.க்கு உட்பட்ட ஒற்றைக் கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்கு மிகாத மூன்று கட்டிகள் வரை சுடுசிகிச்சையின் இயல்பான எல்லை. கட்டிகள் பலவாகவும் பெரிதாகவும் இருந்து, ஆனால் பெரிய ரத்தக்குழாய்க்குள் இறங்காமல், கல்லீரல் ஓரளவு திடமாகவும் இருந்தால் டேஸ்.

3 செ.மீ. என்ற எல்லை ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கட்டியை மட்டும் சுட்டால் போதாது. சுற்றிலும் ஒரு செ.மீ. வரை நல்ல திசுவையும் சேர்த்துச் சுட வேண்டும், கண்ணுக்குத் தெரியாத கிளைகள் அங்கே இருக்கும். அப்படியானால் 3 செ.மீ. கட்டிக்கு 5 செ.மீ. உருண்டையைச் சுட வேண்டும். கன அளவில் அது கட்டியைப்போல் நாலரை மடங்குக்கும் மேல். 5 செ.மீ. கட்டிக்கு 7 செ.மீ. உருண்டை வேண்டும், ஒரே ஊசி அவ்வளவு பரப்புக்கு வெப்பத்தைச் சீராகக் கொடுக்காது. அதனால் அளவு கூடக் கூட விளிம்பில் தப்பும் செல்கள் கூடுகின்றன.

டேஸுக்கு அளவைவிடக் கல்லீரலின் நிலையே கண்டிப்பான காவல். காமாலை ஏறியவர், வயிற்றில் நீர் கோத்து மகோதரம் கண்டவர், சிறுநீரகம் பழுதானவர் ஆகியோருக்கு அடைப்பு ஆபத்து. போர்ட்டல் சிரையின் பெருங்கிளை ஏற்கெனவே புற்றால் அடைபட்டிருந்தால், தமனியையும் அடைப்பது இரண்டு வழியையும் மூடுவதாகிவிடும். பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்று நீர், மூளைத் தடுமாற்றம் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு மருத்துவர்கள் கணக்கிடும் சைல்டு-பியூ எண் இங்கேதான் முடிவைச் சொல்கிறது. 5, 6 என்றால் நல்லது. 10ஐத் தொட்டால் டேஸ் பேச்சே இல்லை.

குணமாவதும் கட்டுப்படுவதும்

எண்களைப் பக்கத்தில் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை வேண்டும்: இரண்டு சிகிச்சைகளும் வெவ்வேறு நிலை நோயாளிகளைப் பெறுகின்றன. எனவே கீழே வரும் சதவீதங்களை ஒன்றோடொன்று போட்டிக்கு விடக்கூடாது.

2008இல் வெளியான லிவ்ராகி குழுவினரின் இத்தாலிய ஆய்வில், 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டியுடைய 218 பேருக்கு ஆர்.எஃப்.ஏ. செய்ததில் 97 சதவீதத்துக்கும் மேலானோரிடம் அந்தக் கட்டி முழுமையாக அழிந்தது. அவர்களில் அறுவைக்கும் தகுதியாக இருந்தவர்கள் ஐந்தாண்டு உயிர்வாழ்ந்த விகிதம் 68.5 சதவீதம். 2006இல் சீனாவில் 180 பேரிடம் நடந்த சோதனையில், 5 செ.மீ. வரையான ஒற்றைக் கட்டியைச் சுட்டவர்களுக்கும் வெட்டி எடுத்தவர்களுக்கும் உயிர்வாழும் காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிறு கட்டிக்குக் கத்திக்கு இணையாக ஊசி நிற்கும் என்பதற்கு இவை சான்று.

டேஸுக்கான அடித்தளம் 2002இல் விழுந்தது. பார்சிலோனா ஆய்வில் டேஸ் பெற்றவர்களில் 63 சதவீதத்தினர் இரண்டாண்டு உயிரோடிருந்தார்கள். கட்டிக்குச் சிகிச்சை பெறாதவர்களில் 27 சதவீதத்தினர். அதே ஆண்டு ஹாங்காங் ஆய்வில் அது 31க்கு 11. ஹெபடைட்டிஸ் பி மலிந்த, பெரிய கட்டிகளோடு வந்த ஹாங்காங் நோயாளிகளின் நிலை நம் ஊர் நிலவரத்துக்கு நெருங்கியது. இரண்டிலும் பலன் உண்டு, ஆனால் ஒப்பிடுவது வேறொரு சிகிச்சையோடு இல்லை, ஒன்றும் செய்யாமல் விடுவதோடு. இன்னொரு விவரம் பலர் கண்ணில் படுவதில்லை: பார்சிலோனாக் குழு 903 பேரைப் பரிசோதித்து 112 பேரை மட்டுமே சேர்த்தது. எட்டுப் பேரில் ஒருவர். டேஸின் வெற்றி, யாருக்குச் செய்யக்கூடாது என்று தீர்மானிப்பதில் பாதி அடங்கியிருக்கிறது.

தோல்வியின் முகமும் இரண்டிலும் வேறு. சுட்ட இடத்தில் கட்டி திரும்புவது குறைவு. ஆனால் சிர்ரோசிஸ் நிலம் அப்படியே இருப்பதால் கல்லீரலின் வேறோர் இடத்தில் புதிதாக முளைக்கும். ஐந்தாண்டில் பத்துக்கு ஏழு பேர்வரை இது நடக்கலாம். டேஸிலோ அடைபட்ட கட்டியே மீண்டும் உயிர் பிடிக்கும். ரத்தம் கிடைக்காத செல்கள் புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லிச் சமிக்ஞை அனுப்புகின்றன. பக்கத்துத் தமனிகளிலிருந்து கள்ளத்தனமாகக் கிளை வந்து சேர்கிறது. அதனால் டேஸ் பெரும்பாலும் ஒருமுறையோடு முடிவதில்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துப் படம் எடுத்து, உயிருள்ள பகுதி மிச்சமிருந்தால் மறுபடி செய்வார்கள். இரண்டு முறை செய்தும் கட்டி அசையவில்லை என்றால் வழியை மாற்ற வேண்டும். பிடிவாதமாகத் தொடர்ந்தால் கட்டி குறையாமல் கல்லீரல்தான் குறையும்.

பிறகு வரும் நாட்கள்

ஆர்.எஃப்.ஏ.வுக்குப் பின் பலரும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுவார்கள். வலி, லேசான காய்ச்சல் வரலாம். ரத்தக்கசிவு, சீழ்க்கட்டி, குடல் சுடுபடுதல் போன்றவை அரிது, வந்தால் தீவிரம். டேஸுக்குப் பின் காய்ச்சல், வலது விலாவடியில் வலி, குமட்டல், அசதி ஆகியவை பாதிப் பேருக்கும் மேல் வரும். கட்டி செத்துக்கொண்டிருப்பதன் விளைவு அது. சில நாளில், மிஞ்சினால் ஒரு வாரத்தில் அடங்கும். ஊருக்குத் திரும்பியபின் காய்ச்சல் குளிரோடு ஏறினாலோ, கண் மஞ்சளானாலோ, வயிறு உப்பினாலோ, பேச்சு தடுமாறினாலோ உள்ளூரில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்கக்கூடாது; செய்த மருத்துவமனைக்குத் தகவல் போக வேண்டும். டேஸில் செலுத்தும் சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் சர்க்கரை நோயாளிகள் தாங்கள் சாப்பிடும் மாத்திரைகளை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சேரும் இடமும் மூன்றாவது வழியும்

இரண்டும் எதிரிகள் இல்லை என்பதற்கு நல்ல சான்று 3 முதல் 5 செ.மீ. வரையான இடைநிலம். அங்கே முதலில் டேஸ் செய்து ரத்த ஓட்டத்தைக் குறைத்தால், வெப்பத்தை இழுத்துப்போக ஓடும் ரத்தம் இருக்காது; அதன்பின் சுடும்போது ஒரே ஊசி அகலமாகச் சுடும். ஒன்றின் பலவீனத்தை மற்றது அடைக்கிறது. 2013இல் வெளியான சீன ஆய்வில் 7 செ.மீ.க்கு உட்பட்ட கட்டிகளோடு 189 பேர் இருந்தார்கள். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் நான்காண்டு உயிர்வாழ்ந்தோர் 61.8 சதவீதம்; ஆர்.எஃப்.ஏ. மட்டும் பெற்றவர்களில் 45 சதவீதம்.

மூன்றாவதாக டேர் என்ற முறை உண்டு. டேஸ் போன ரத்தக்குழாய் வழியிலேயே இட்ரியம்-90 என்ற கதிரியக்கத் தனிமம் ஏற்றிய நுண்மணிகளை அனுப்புவது. அதன் கதிர் திசுவில் சராசரியாக 2.5 மில்லிமீட்டர்தான் பாயும். அரை ஆயுள் 64 மணி நேரம். அடைப்பதைவிட உள்ளிருந்து கதிர் கொடுப்பதே அதன் வேலை என்பதால், போர்ட்டல் சிரை அடைபட்ட சிலருக்கும் இதைச் செய்ய முடியும். இறக்குமதி மணிகளின் விலை பல இலட்சம். பாபா அணு ஆராய்ச்சி மையம் உள்நாட்டிலேயே இத்தகைய கண்ணாடி மணிகளை உருவாக்கியிருப்பது நம்பிக்கை தரும் செய்தி.

புற்று கல்லீரலைத் தாண்டினால் ஊசிக்கும் குழாய்க்கும் வேலை முடிந்து, உடல் முழுதும் போகும் மருந்துகளின் முறை வருகிறது. அதிலும் இந்தியாவுக்கு ஒரு தனிக்கதை உண்டு. சோராஃபெனிப் மாத்திரை மாதத்துக்கு ஏறத்தாழ 2.8 இலட்சம் ரூபாய் விற்றுக்கொண்டிருந்தபோது, 2012 மார்ச்சில் இந்தியா தன் முதல் கட்டாய உரிமத்தை ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு வழங்கியது. அந்த உரிமத்தின்கீழ் மாத விலை 8,880 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது.

75 கிலோமீட்டர் கணக்கு

மருத்துவ ஏடுகள் எழுதாத ஒப்பீடு ஒன்று நம் வட்டாரத்தாருக்கு வேண்டும்: எத்தனை முறை போய்வர வேண்டும்? ஆர்.எஃப்.ஏ. பெரும்பாலும் ஒரே அமர்வு. ஒரு மாதத்தில் சரிபார்க்க ஒரு சிடி. அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்வை. டேஸ் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ரத்தப் பரிசோதனை, அனுமதி, சிகிச்சை, படம், மறுபடி அனுமதி. ஒவ்வொன்றும் நோயாளியோடு துணைக்கு ஒருவரின் கூலியையும் சேர்த்துத் தின்னும். ஊசியின் விலை ஒருமுறை கடிக்கும், குழாயின் செலவு தவணை தவணையாகக் கடிக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை தருகிறது. எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு அனுமதி உண்டு என்பதைச் சேர்வதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெளிந்துகொள்வது அலைச்சலைக் குறைக்கும். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டதால் முதல்கட்டப் பரிசோதனைகளுக்காவது தூரம் குறைந்திருக்கிறது.

போகும் வழியில் கீழாநெல்லி குறுக்கே வரும். அதை இகழ்ந்து ஒதுக்க வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்த பிளம்பர்க்கோடு சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் அதைப் பற்றி எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் அதே அளவில் திரும்பக் கிடைக்கவில்லை. அதோடு அது கிருமி பற்றிய ஆய்வு, கட்டி பற்றியது அன்று. கட்டி இருக்கிறது என்று தெரிந்தபின் மூலிகைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் செ.மீ. கணக்கில் திரும்பி வரும்.

தேர்வு செய்யப்படும் இடம்

அந்தச் செ.மீ. கணக்கோடு முடிக்கலாம். கல்லீரல் புற்றின் கன அளவு இரட்டிப்பாகச் சராசரியாக நான்கு முதல் ஆறு மாதம் ஆகிறது. 2 செ.மீ. கட்டி 3 செ.மீ. ஆவதற்குக் கன அளவு மூன்றே கால் மடங்குக்குச் சற்று மேல் பெருகினால் போதும். இரண்டு இரட்டிப்புக்கூடத் தேவையில்லை. ஏழு மாதத்திலிருந்து பத்தரை மாதத்துக்குள் அது நடந்துவிடும். 4 செ.மீ. ஆக மூன்று இரட்டிப்பு. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு. சுடுசிகிச்சையின் எல்லைக்குள் இருந்த கட்டி அடைப்புச் சிகிச்சையின் எல்லைக்குள் போக எடுக்கும் காலம் இவ்வளவுதான். சிர்ரோசிஸ் உள்ளவர்களுக்கும், மருத்துவர் ஆபத்து என்று குறித்த ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் வேண்டும் என்று பூரிப் பரிந்துரை உட்பட எல்லா வழிகாட்டிகளும் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். தவறவிட்ட ஒரு ஸ்கேன், ஊசியிலிருந்து குழாய்க்கு ஒருவரைத் தள்ளிவிடப் போதுமானது. குணமாக்கும் நோக்கத்திலிருந்து கட்டுக்குள் வைக்கும் நோக்கத்துக்கு.

ஒப்பிட்டு முடித்தபின் நிற்கும் தீர்ப்பு இது. சிறு கட்டியும் ஓரளவு நல்ல கல்லீரலும் இருந்தால் சுடுவது மேல். பல கட்டியும் தாங்கும் கல்லீரலும் இருந்தால் அடைப்பது மேல். இடைநிலத்தில் இரண்டும் சேர்ந்தது மேல். ஆர்.எஃப்.ஏ. ஊசியும் ஆஞ்சியோ அறையும் மதுரையில் இருக்கலாம். ஆனால் ஒருவருக்கு அவற்றில் எது கிடைக்கும் என்பதை முடிவு செய்யும் கருவியான சாதாரண அல்ட்ராசவுண்ட், ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலுமே இருக்கிறது. சிர்ரோசிஸ் என்று ஒருமுறை எழுதப்பட்ட ரிப்போர்ட்டு வீட்டில் இருந்தால், அடுத்த ஆறு மாதத் தேதியை இன்றே குறித்துக்கொள்வதே இந்த ஒப்பாய்வு தரும் மருத்துவ ஆலோசனை.